காரை இழுத்துக்கொண்டு மலை தாண்ட ஒரு வண்டி

போன வாரம் விற்பனையில் இருக்கும் உங்களில் ஒருவர் எனக்கு ஃபோன் செய்தார். "அக்கா, கார் ஒன்றை இழுத்துக்கொண்டு மலைக்குப் போக மோட்டார்ஹோம் வேணுமெண்டு ஒரு குடும்பம் வந்திருக்கு. எதைக் காட்டுறது?" என்றார். குரலில் அவசரம். கண்ணாடிக்கு அப்பால் வாடிக்கையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு இங்கே அஜ்மானிலிருந்தே தெரிந்தது. "இது ஒரு பெயரைச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை தம்பி, பிறகு ஆறுதலாக ஃபோன் எடுங்கோ" என்றேன். அவர் பிறகு எடுக்கவில்லை. வண்டி விற்றுப்போயிருக்கும். அதனால்தான் இதை எழுதி உங்கள் எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்கு: நான் யாழ்ப்பாணத்துப் பெண். ஷார்ஜாவில் நம்முடைய வண்டி யார்டில் முதலில் தொலைபேசி எடுக்கத்தான் சேர்ந்தேன். பிறகு விற்பனைப் பக்கம் வந்தேன். சக்கரத்தில் ஓடும் வீடுகளை விற்றே வயதாகி, போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது மகளோடு இருக்கிறேன். காலையில் மாத விற்பனைக் கணக்குப் பற்றிய பயமில்லாமல் தேநீர் குடிப்பது எவ்வளவு நல்ல விஷயம் என்று உங்களுக்கு இப்போது புரியாது.

எந்த வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதைப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். புத்தகத்தில் இருக்கும் எண் வெறும் வண்டிக்கு எழுதியது, தண்ணீர்த் தொட்டி நிரம்பி, ஜெனரேட்டர் ஏறி, குடும்பமும் சாமானும் ஏறியபின் அந்த எண் சுருங்கிவிடும் என்பதையும் சொல்வார்கள். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. அல் ஐனிலிருந்து வந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன்.

கணவரின் பெயரை சந்திரசேகர் என்று வைத்துக்கொள்வோம். மதுரைப் பக்கத்துக்காரர். கத்தாரில், ராஸ் லஃபானில், எரிவாயு ஆலையில் நெடுங்காலம் பொறியாளராக இருந்தவர். மனைவி சுகந்தி, அல் ஐனில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே என்று அவர்களுடைய வாழ்க்கையின் பெரும்பகுதி லீவு நாட்களில் நடந்திருக்கிறது. அப்படிப் பிரிந்திருந்த காலத்தில்தான் சுகந்தி ஓட்டிப்போன கார் மீது இன்னொரு வண்டி மோதி, அவருக்கு இடுப்புக்குக் கீழே இயக்கம் போனது. சிகிச்சை முடிந்து அவர் வேலைக்குத் திரும்பினார். ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் கையாலேயே இயக்கும்படி மாற்றிய ஒரு சிவப்புக் கார் வாங்கி, மறுபடி உரிமம் எடுத்து, தானே ஓட்டி டியூட்டிக்குப் போய்வந்தார். கணவர் ஓய்வு பெற்று அவரோடு வந்து சேர்ந்தது அதற்குப் பல வருடம் கழித்துத்தான்.

"இப்ப எனக்கு விசா குடுத்திருக்கிற கஃபீலே இவங்கதான் மேடம்" என்று முதல் நாளே சொல்லிச் சிரித்தார் அவர். சுகந்தியும் சிரித்தார்.

இருவருக்கும் ஊர் சுற்ற ஆசை. ஹஜர் மலைகள், ஓமான், மழைக்காலத்தில் சலாலா. ஆனால் ஹோட்டல் குளியலறைகள் சுகந்தியின் சக்கர நாற்காலிக்குச் சரிவருவதில்லை. வீட்டையே கொண்டுபோய்விட்டால் என்ன என்று யோசித்து எங்களிடம் வந்திருந்தார்கள். வண்டி நிறுத்திய இடத்திலிருந்து சுற்றிப் பார்க்க அந்தச் சிவப்புக் காரையும் டிரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு போக வேண்டும். இதுதான் அவர்கள் கேட்டது.

யார்டில் அப்போது அவர்களுக்குப் பொருந்தக்கூடிய இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று பெரியது. வாசலில் நாற்காலியைத் தூக்கும் லிஃப்ட், அகலமான குளியலறை. சுகந்தி உள்ளே போய் நாற்காலியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்க, சுவர்ல இடிக்கவே இல்ல!" என்று கத்தினார். மற்றது லாரிச் சட்டத்தின் மேல் கட்டிய டீசல் வண்டி. நீளம் குறைவு, அழகும் குறைவு. குளியலறைக் கதவு ஒடுக்கம். ஆனால் மலைக்கென்றே பிறந்த எஞ்சின்.

பெரிய வண்டியின் வாசலில் இருந்தபடி சுகந்தி என்னிடம் கேட்டார்: "அக்கா, இது என் காரை இழுக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் இழுக்கும். நான் பார்த்துட்டேன்."

நான் அவரைப் பார்த்தேன். லிஃப்டும் முழுத் தொட்டியுமாக அந்த வண்டி, காரோடு மலை ஏறாது. ஏறினாலும் நல்லபடியாக இறங்காது. ஒரு பொறியாளருக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. சுகந்தி சமையல் பகுதியைப் பார்க்க உள்ளே திரும்பியதும் அவரே என் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார்.

"மேடம், கணக்கு எனக்குத் தெரியும். காரைக் கொண்டுபோகப் போறதில்ல. கிளம்பறப்ப ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன். அவளுக்கு இந்த பாத்ரூம்தான் முக்கியம்."

"கார் வேணுமெண்டு அவா கேக்கிறாவே" என்றேன்.

"மலைப்பாதைங்க மேடம். அன்னைக்கு அடிபட்டப்ப நான் பக்கத்துல இல்ல. இனிமே நான்தான் ஓட்டுவேன். அவ நிம்மதியா உட்கார்ந்து வரட்டும்."

அவர் கண் கலங்கியிருந்தது. கெட்ட எண்ணத்தில் பொய் சொல்கிறவரைச் சமாளிப்பது சுலபம். அன்பில் பொய் சொல்கிறவரை என்ன செய்வது?

இந்த நேரத்தில் எங்கள் மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து கையைக் காட்டி என்னை அழைத்தார். லெபனான்காரர், நல்ல மனிதர், ஆனால் மாதக் கடைசி. "சிஸ்டர், அவர் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. யல்லா, இன்றைக்கே முடித்துவிடு. கலாஸ்" என்றார் அரபி கலந்த ஆங்கிலத்தில்.

நான் அந்த அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். இது கணவன் மனைவிக்குள் உள்ள விஷயம், எனக்கென்ன என்று விட்டுவிடலாம். பணம் அவருடையது, முடிவும் அவருடையது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சுகந்தி கேள்வியைக் கேட்டது கணவரிடம் அல்ல. "அக்கா" என்று கூப்பிட்டு என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதே நேரம், சந்திரசேகர் என்னிடம் தனியாகச் சொன்னதை அவர் மனைவி முன்னால் போட்டு உடைப்பதும் என் வேலை இல்லை.

"அவர் தயார். அவா தயாரில்லை. எனக்கு ஒரு நாள் வேணும்" என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

திரும்பிப் போய் இருவர் முன்னாலும் நின்று சொன்னேன்: "சுகந்தி, நீங்கள் கேட்டதுக்குப் பதில் சொல்றன். இந்தப் பெரிய வண்டியில காரைக் கட்டிக்கொண்டு மலையேற நான் ஒருத்தரையும் விடமாட்டன். சமதரையில ஓடலாம். மலையில கூடாது. அந்தச் சின்ன வண்டி இழுக்கும். வாங்கிறதுக்கு முதல் அதில காரை ஏத்திக்கொண்டு மலையைத் தாண்டிப் பாப்பம். பிறகு உங்கட விருப்பம்."

சுகந்தி கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் எதிரே நின்ற வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிக்கா, போவோம்" என்றார் சுகந்தி.

அந்த வாரக் கடைசியில் காலையிலேயே புறப்பட்டோம். குளிர்காலம் தொடங்கியிருந்தது, வெயில் இதமாக இருந்தது. சந்திரசேகர் ஓட்டினார். நான் பக்கத்து இருக்கையில். சுகந்தி பின்னால் ஜன்னலோரம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்கும் பின்னால் டிரெய்லரில் சிவப்புக் கார். மசாஃபி ஊர் வரை பேச்சும் சிரிப்புமாகப் போனது. ஏற்றத்தில் டீசல் எஞ்சின் முனகாமல் ஏறியது.

"மேடம், ஏறிடுச்சே!" என்றார் சந்திரசேகர், சின்னப் பிள்ளை மாதிரி.

"ஏறினது சந்தோஷம். இறங்கட்டும், பாப்பம்" என்றேன்.

கிழக்குக் கடற்கரைப் பக்கம் இறங்கும் பழைய மலைப்பாதையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருந்தேன். கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறக்க வேண்டும் என்று மேலேயே சொன்னேன். அவர் தலையாட்டினார். பொறியாளருக்கு அதன் தத்துவம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் பின்னாலிருந்து ஒரு பாரம் நம்மைத் தள்ளும்போது கால் தத்துவத்தைக் கேட்பதில்லை. வளைவுக்கு வளைவு அவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. போனால் அங்கேயே இருந்தது. பின்னால் கல் ஏற்றிய லாரி ஒன்று நெருங்கி வந்து ஹார்ன் அடித்தது. அந்தச் சத்தத்தில் அவர் கியரை ஒரு படி கூட்டிவிட்டார். வண்டி வேகம் பிடித்தது. மறுபடி பிரேக்.

முதலில் வாசனை வந்தது. துணி கருகுவது போன்ற ஒரு வாசனை.

"சேகர் சார், பிரேக் மிதி எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் ஆழமா போகுது மேடம்."

"முன்னால வலப்பக்கம் சரளைக்கல் போட்ட இடம் ஒண்டு வருது. அதில ஒதுக்குங்கோ."

"இன்னும் கொஞ்சம்தான் மேடம். மெதுவாப் போனா கீழ போய்ச் சேர்ந்துடலாம்…"

"இல்லை. இப்பவே ஒதுக்குங்கோ."

நான் வாடிக்கையாளரிடம் அந்தக் குரலில் பேசியது அபூர்வம். அவர் ஒதுக்கினார். வண்டி நின்றது. நான் இறங்கிச் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்தேன். முன் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது. சந்திரசேகர் இறங்கி வாசற்படியில் உட்கார்ந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே திரும்பி மனைவியைப் பார்க்கவில்லை.

மேலாளர் ஃபோனில் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். "ரெக்கவரி லாரி அனுப்பவா? வண்டியைக் கொண்டு வந்துவிடு" என்றார். பிரேக் ஆறட்டும், மிதி பழையபடி இறுக்கமாக வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் ரெக்கவரிதான் என்றேன். நீங்களும் இதில் தடுமாறக்கூடாது. மிதி திரும்பி வரவில்லையென்றால் வியாபாரமும் வேண்டாம், வீரமும் வேண்டாம்.

நீண்ட நேரம் காத்திருந்தோம். சுகந்தி உள்ளேயிருந்து பிஸ்கட் டப்பாவை நீட்டினார். மலை வெயிலில் பிஸ்கட் சாப்பிட்டோம். சக்கரம் முழுதாகக் குளிர்ந்தபின் மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி இறுக்கமாக இருந்தது. எஞ்சினை ஓடவிட்டும் பார்த்தேன். சரியாக இருந்தது.

"காரை இறக்கிவிடுவம். பாரம் குறையும்" என்றேன்.

சந்திரசேகருக்கு உயிர் வந்தது போல ஆனது. "அதான் சரி. நான் காரை ஓட்டிட்டு வரேன் மேடம். நீங்க இந்த வண்டியை இறக்கிடுங்க. சுகந்தி உங்க கூடவே உட்கார்ந்து வரட்டும்."

அதில் பிழையே இல்லை. எனக்கு அந்த வண்டி ஓட்டத் தெரியும், உரிமமும் இருந்தது. யோசித்துப் பார்த்தால் மூன்று பேரும் பத்திரமாகக் கீழே போக அது நல்ல வழிதான். நான் சம்மதிக்கப்போகும் நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என் காரை நான் ஓட்டறேன்."

"சுகந்தி, இது அல் ஐன் ரோடு இல்லம்மா…"

"நீங்க ராஸ் லஃபான்ல இருந்தப்ப என்னை டியூட்டிக்கு யாரு ஓட்டிட்டுப் போனது? மழையில, மூடுபனியில? வருஷக்கணக்கா ஓட்டினேங்க. நீங்க வந்ததுக்கு அப்புறந்தான் நான் ஸ்டியரிங்கையே தொடல."

அவர் என்னைப் பார்த்தார். "மேடம், நீங்களே சொல்லுங்க. இது சரியா?"

உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். இரண்டு பேர் நடுவில் நிற்பீர்கள். இருவரும் உங்கள் வாயையே பார்ப்பார்கள். அப்போது யாருக்குச் சாதகமாகப் பேசுவது என்று தேடாதீர்கள். எதற்காக அங்கே வந்தீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். நாங்கள் பத்திரமாகக் கீழே போக மட்டும் அங்கே வரவில்லை. இந்த வண்டி இவர்களுக்குச் சரிவருமா என்று பார்க்க வந்தோம்.

"சார், நான் இதை ஓட்டி இறக்கினா இண்டைக்கு நீங்கள் தப்பினீங்கள். சலாலா மலையில நான் இருக்கமாட்டன். இதை இறக்க நீங்கள்தான் பழகவேணும்" என்றேன். "அவாவிட்ட உரிமம் இருக்கு. அது அவாவின்ர கைக்கெண்டே செய்த கார். இந்தப் பாதையில இண்டைக்கு நடுங்காத கை அவாவின்ர கைதான்."

கடைசி வார்த்தை கொஞ்சம் கடுமைதான். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய் டிரெய்லரின் சாய்பலகைகளைப் போட்டு, காரைப் பின்பக்கமாக மெல்ல இறக்கினார். சுகந்தி லிஃப்ட் இல்லாத அந்த வண்டியிலிருந்து எங்கள் இருவரின் துணையோடு நாற்காலிக்கு வந்தார். கார்க் கதவருகே போனதும் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். இருக்கைக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு வழுக்குப் பலகையை வைத்து, கையை ஊன்றி, ஒரே வீச்சில் உள்ளே போய் உட்கார்ந்தார். தூக்கிவிட நீண்ட கணவரின் கைகள் பாதியில் நின்றன. நாற்காலியைப் பின்னால் ஏற்றிவைக்க மட்டும் அவரை விட்டார்.

"பின்னாடியே வாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நாங்கள் வெறும் டிரெய்லரோடு பின்தொடர்ந்தோம். முன்னால் சிவப்புக் கார் ஒரே சீராக இறங்கியது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தது. வளைவுக்குள் பிரேக் விளக்கு எரியவே இல்லை. சந்திரசேகர் அந்தப் பின்விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எரியாதபோது இவர் காலும் மிதிக்குப் போகவில்லை. சில வளைவுகளுக்குப் பிறகு குறைந்த கியரில் வண்டி தானாக இறங்கத் தொடங்கியது. அவர் தோள்கள் தளர்ந்தன. பின்னால் வந்த வேறொரு லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். "அடிக்கட்டும்" என்றார் சந்திரசேகர்.

கீழே கடலோரத்தில் ஒரு தேநீர்க் கடை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுகந்தி காரை முன்னால் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, எல்லோருக்கும் சுலைமானித் தேநீரும் பரோட்டாவும் சொல்லி முடித்திருந்தார். இந்த ஊரில் ஹார்ன் அடித்தால் தேநீர் காருக்கே வரும். நாற்காலியை இறக்கவேண்டிய தேவையே இல்லை. நாங்கள் இருவரும் அந்தக் கார் ஜன்னலைச் சுற்றி நின்று குடித்தோம்.

பாதி தேநீரில் சந்திரசேகர் கோப்பையைக் கார்க் கூரைமேல் வைத்தார். "சுகந்தி, ஒண்ணு சொல்லணும். அந்தப் பெரிய வண்டி உன் காரை இழுக்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் இழுக்கும்னு சொன்னேன்."

"எனக்கும் தெரியும்."

"என்னது?"

"மருந்துப் பெட்டியில இருக்கற பொடி எழுத்தைப் படிச்சு வேலை பார்க்கறவ நான். ஷோரூமுக்கு வர்றதுக்கு முந்தியே பிரோஷரை முழுசாப் படிச்சுட்டேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்க்கத்தான் அக்காகிட்ட அப்படிக் கேட்டேன்."

அவர் கோப்பையை எடுத்து, குடிக்காமலே மறுபடி கூரைமேல் வைத்தார்.

"கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. இப்பதான் மலையில விட்டுட்டு வந்தேன்." பரோட்டாவைப் பிய்த்து அவரிடம் நீட்டினார். "பாத்ரூம் எனக்கும் பிடிச்சிருந்துச்சுங்க. பொய் சொல்லல. ஆனா குளிச்சு முடிச்சு நான் எங்க போவேன்? ஜன்னல் வழியா உங்க மூஞ்சியையே பார்த்துட்டு இருக்கவா?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே சின்ன வண்டிதான் என்பது முடிவாகிவிட்டது. ஒடுக்கமான குளியலறைக் கதவைப் பற்றி அங்கேயே பேசினோம். நம் பட்டறையில் சொல்லி கதவைப் பக்கவாட்டில் நகரும் இழுவைக் கதவாக மாற்றி, பக்கத்து அலுமாரியை எடுத்துவிட்டால் நாற்காலி உள்ளே போகும். முழுச் சுற்றுச் சுற்றாது, ஆனால் போய் வரும். வாசலுக்கு எடை குறைந்த லிஃப்ட் ஒன்று போடலாம். அந்த மாற்றங்களோடுதான் பிறகு வண்டியை எடுத்துக்கொண்டார்கள். மேலாளருக்கும் மாதக் கணக்குச் சரியாகிவிட்டது. அடுத்த மாதக் கணக்கில்தான், ஆனால் சரியாகிவிட்டது.

இனி ஃபோனில் கேட்ட தம்பிக்கும் மற்றவர்களுக்கும். மலைக்குப் போகிறோம், காரையும் இழுக்க வேண்டும் என்று யாராவது வந்தால், முதலில் காரின் எடையைக் கேட்காதீர்கள். அந்தக் கார் யாருடையது, போய்ச் சேர்ந்தபின் அதை ஓட்டப்போவது யார் என்று கேளுங்கள். பதில் சொல்கிறவரை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் பேசாமல் இருப்பவரையும் பாருங்கள். பிறகு எடைகளைக் கூட்டுங்கள், தண்ணீரையும் மனிதர்களையும் சேர்த்தே கூட்டுங்கள். ஏற்றத்தில் காட்டும் வண்டியை இறக்கத்திலும் காட்டுங்கள், அவர்களே ஓட்டட்டும். விற்பனை ஒரு வாரம் தள்ளிப்போகும். போகட்டும்.

அன்று திரும்பி வந்ததையும் சொல்லிவிடுகிறேன். தேநீர் முடிந்ததும் சந்திரசேகர் டிரெய்லரின் சாய்பலகையை இறக்கப் போனார். சுகந்தி கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே, "எதுக்கு? நான் இப்படியே வீட்டுக்கு ஓட்டிடறேன். நீங்க அதைக் காலியா இழுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிட்டார்.

மலை ஏறத் தொடங்கினோம். சிவப்புக் கார் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வளைவில் மறைந்து அடுத்த வளைவில் தெரிந்தது, பிறகு இன்னும் சிறிதாகத் தெரிந்தது.

"வலு வேகமாப் போறாவோ?" என்று கேட்டேன், கொஞ்சம் பயத்தோடு.

சந்திரசேகர் கியரை ஒரு படி குறைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இல்லீங்க மேடம். அவ எப்பவும் போறபடிதான் போறா. நான்தான் லேட்டா வந்து சேர்ந்திருக்கேன்."